இரத்தக் கொதிப்பும் மார்வலியும்: மருந்து உண்ணும் முறை

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சாலை, குடிநீர், ஏரி மராமத்து, வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றியே இம்மேடையில் நாம் பேசுவது வழக்கம். இன்று மருந்தைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாம் வைத்தியம் பயின்றவரல்லோம். இன்னாருக்கு இன்ன மாத்திரை என்று முடிவு சொல்லும் உரிமை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கே உண்டு. ஆயினும் டாக்டர் நோயாளியைக் காண்பது மாதத்தில் ஒரு நாள். அதுவும் சில நிமிஷம். மீதி 29 நாட்களும் மாத்திரை இருப்பது நம் வீட்டு மாடத்தில். அந்த 29 நாட்களில் என்ன நடக்கிறது என்பது ஊருக்குப் பொதுவான காரியம்; ஆகவே பஞ்சாயத்து அதைப் பேசலாம்.

ஊர் ஊராகச் சுற்றி வருகையில் நாம் காணும் தலைகீழ் வழக்கம் ஒன்று உண்டு. இரத்தக் கொதிப்பு மாத்திரை என்பது உடம்பில் ஒரு நோவும் தோன்றாத நாளிலும் தவறாது உண்ண வேண்டியது. அதை நம் மக்கள் தலை கனத்தால் உண்கின்றனர். கனம் நீங்கினால் நிறுத்திவிடுகின்றனர். மார்வலியோ தோன்றிய நிமிஷத்திலேயே கவனிக்க வேண்டியது. அதை வாயு என்று சொல்லி, ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு, விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்துக்கொள்கின்றனர். இவ்விரண்டையும் நேர்படுத்திக்கொள்ள வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது அவ்வளவே. எஞ்சியவை அதன் விளக்கம்.

இந்தத் தவறுக்குப் பாதிக் காரணம் பெயர்தான் என்பது நம் அபிப்பிராயம். கொதிப்பு என்று சொன்னவுடன், உடம்பில் ஏதோ சூடு ஏறும், முகம் சிவக்கும், கோபம் வரும் என்று எண்ணுகிறோம். அப்படி ஒன்றும் தோன்றாவிட்டால் நோய் இல்லை என்றும், எண்ணெய் தேய்த்துக் குளித்து இளநீர் குடித்தால் தணிந்துவிடும் என்றும் நம்புகிறோம். உண்மையில் இரத்தம் கொதிப்பதில்லை. குழாய்க்குள் இரத்தம் செல்லும் அழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்பதே அதன் பொருள். இரத்த அழுத்தம் என்ற புதுப் பெயரே பொருத்தமானது.

விவசாயிகளுக்கு இதை விளக்கப் புத்தகம் தேவையில்லை. கிணற்று மோட்டாரைப் பாருங்கள். வால்வைப் பாதி மூடிவிட்டு மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் குழாயில் அழுத்தம் ஏறும். குழாய் அன்றே வெடிப்பதில்லை. பல நாட்கள் தாங்கும். வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. பிறகு ஒருநாள் பழைய இணைப்பு ஒன்று விட்டுப்போகும், அல்லது மோட்டாரே சுருண்டு நின்றுவிடும். நம் உடம்பில் மோட்டார் இருதயம். குழாய்கள் இரத்த நாளங்கள். மூளையில் குழாய் விட்டுப்போனாலும் அடைத்துக்கொண்டாலும் பக்கவாதம் வருகிறது. சிறுநீரகத்துக்குச் செல்லும் நுண்ணிய குழாய்கள் கெட்டால் சிறுநீரகம் வேலை செய்ய மறுக்கிறது. கண்ணிலும் அப்படியே. இருதயமோ ஓய்வின்றி அதிகப் பாரத்தைத் தள்ளித் தள்ளித் தடித்துத் தளர்ந்துபோகிறது. இத்தனையும் நடக்கும் வரை அந்த மனிதர் ஏர் ஓட்டிக்கொண்டும், சந்தைக்குப் போய்க்கொண்டும் இருப்பார். நோவு இல்லாததுதான் இந்த நோயின் சூது.

ஆகவே இதைக் கண்டறிய அளவு ஒன்றே வழி. கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து அளக்கும் கருவியை இத்தாலி நாட்டு டாக்டர் ரிவா-ரோச்சி 1896ஆம் ஆண்டில் அமைத்தார். அதனுடன் குழாய் வைத்துக் கேட்டு இரண்டு எண்களையும் காணும் முறையை 1905ஆம் ஆண்டில் ரஷ்ய நாட்டு டாக்டர் கொரொட்காவ் கண்டு சொன்னார். மேல் எண் இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் எண் அது விரிந்து ஓய்வெடுக்கும்போது உள்ளது. ஆஸ்பத்திரியில் வெவ்வேறு நாட்களில் அளந்து பார்த்தும், மேல் எண் 140 அல்லது அதற்கு மேலாகவோ, கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலாகவோ நின்றால் அதை உயர் இரத்த அழுத்தம் என்கின்றனர்.

அளப்பதிலும் ஒழுங்கு உண்டு. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த மூச்சோடு கையை நீட்டக் கூடாது. 5 நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் தேநீர், பீடி, சுருட்டு வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காருவதும் எண்ணை உயர்த்தும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளி, அதன் இறுக்கத்தின்மேல் பட்டை கட்டுவது தவறு. கை மேஜைமேல் இருதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். அளக்கும்போது பேச்சு வேண்டாம். நம் உறுப்பினர்களுக்கு இந்தக் கடைசி விதிதான் கடினம்!

இனி மருந்துக்கு வருவோம். ஒருவருக்கு வெள்ளை மாத்திரையும், பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு நிற மாத்திரையும் ஏன் தருகிறார்கள் என்று கேட்காதவர் இல்லை. மறுபடியும் மோட்டாரையும் குழாயையும் நினையுங்கள். அம்லோடிபின் போன்ற மருந்து குழாயை விரிவாக்கித் தருகிறது. எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவை குழாயை இறுக்கும் வேலையாளைத் தடுத்து நிறுத்துகின்றன. அட்டெனலால், மெட்டோப்ரலால் ஆகியவை மோட்டாரின் வேகத்தைக் குறைக்கின்றன. ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பில் மிகுதியாகத் தேங்கிய உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுகிறது. ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே உபரி நீர் போவதைப் போன்றது அது. எந்தக் குழாய்க்கு எந்த வழி என்பதை வயது, சர்க்கரை, சிறுநீரகம், ஆஸ்துமா, இருதயத்தின் நிலை ஆகியவற்றைப் பார்த்தே டாக்டர் தீர்மானிக்கிறார். உதாரணமாக, மோட்டார் வேகத்தைக் குறைக்கும் மருந்து ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிறைப்பை உண்டாக்கிவிடலாம். எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவை கருவுற்ற பெண்ணின் வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்பவை. அவற்றை உண்டுவரும் பெண் கருவுற்றால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எனக்கும் அதே கொதிப்புத்தானே என்று பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்குவது எத்துணை ஆபத்து என்பது இதனால் விளங்கும்.

இங்கிலீஷ் மருந்து சூடு, நம் உடம்புக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. இந்த நோய்க்கு உலகம் முதலில் நம்பிக்கையோடு ஏற்ற மருந்துகளில் ஒன்று நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்தது. 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இருவர் அதைப் பற்றி எழுதினர். 1949ஆம் ஆண்டில் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் இங்கிலாந்தின் இருதய வைத்தியப் பத்திரிகையில் தம் அனுபவத்தை வெளியிட்ட பின்னரே மேல்நாட்டார் அதன் மதிப்பை உணர்ந்தனர். 1952ஆம் ஆண்டில் அதன் சத்தைப் பிரித்தெடுத்து ரிசர்பின் என்று பெயரிட்டனர். மன வாட்டம் முதலிய தொல்லைகளை அது உண்டாக்கியதால், பின்னர் வந்த நல்ல மருந்துகளுக்கு அது பெரும்பாலும் இடம் விட்டது. எனலாப்ரிலின் கதை இன்னும் விசித்திரமானது. பிரேசில் நாட்டு விரியன் இனப் பாம்பு ஒன்று கடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அந்த விஷத்தை ஆராய்ந்து அறிந்த வழியில்தான் காப்டோப்ரில் என்ற மருந்தும், அதன் பின் எனலாப்ரிலும் செய்யப்பட்டன. வேராயினும் விஷமாயினும், அளவே அதை மருந்தாக்குகிறது. வேரைத் தோண்டிக் கஷாயம் வைத்துக் குடிப்பவருக்கு அந்த அளவு எப்படித் தெரியும்?

மாத்திரையை ஏன் நிறுத்துகிறார்கள் என்று நாம் பல ஊர்களில் விசாரித்திருக்கிறோம். அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. அவரவர்க்கு ஒரு நியாயம் இருக்கிறது. நடவு, அறுவடைக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகிறது. மாலை போட்டு விரதம் இருப்பவர் மாத்திரையையும் விட்டுவிடுகிறார். சிலருக்கு ஒருமுறை ஆரம்பித்தால் ஆயுள் முழுவதும் உண்ண வேண்டுமே என்ற பயம். நீரைப் போக்கும் மாத்திரையைத் தின்றால் களையெடுப்பின் நடுவே ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கிறது என்று ஒரு தாயார் சொன்னார். அது உண்மையான கஷ்டம், நகைக்கத் தக்கதன்று. அவர் அதை நம்மிடம் சொன்னாரே தவிர டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு மாத்திரை தரவும், நேரத்தை மாற்றவும் வழி உண்டு.

நாம் அறிந்த ஒரு பெரியவர் ஏழு ஆண்டுகள் ஒழுங்காக மாத்திரை உண்டவர். ஒருநாள் அளந்து பார்த்ததில் 124க்கு 80 என்று வந்தது. நோய் குணமாகிவிட்டது என்று மகிழ்ந்து, அன்றோடு நிறுத்திவிட்டார். மாட்டுச் சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருக்கையில் வலது கையும் வாயும் இழுத்துக்கொண்டன. இப்போது அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கணக்கு வழக்கெல்லாம் மருமகள் பார்க்கிறாள். 124 என்ற எண் மாத்திரை வேலை செய்ததற்கு அத்தாட்சியே அன்றி, மாத்திரை வேண்டாம் என்பதற்கு அத்தாட்சி அன்று. கரையை அடைத்ததால் நீர் கசியவில்லை. கசியவில்லையே என்று அடைப்பை எடுப்பார் உண்டோ? அளவைக் குறைக்கவும் நிறுத்தவும் சில வேளைகளில் இடம் உண்டு. உப்பைக் குறைத்து, எடையைக் குறைத்து, குடியையும் புகையிலையையும் விட்டவர்களுக்கு டாக்டரே குறைத்துத் தருவார்.

அட்டெனலால் இனத்து மாத்திரையைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். ஏற்கெனவே மார்வலி உள்ளவர் அதைத் திடீரென நிறுத்தினால், கட்டிப் பிடித்திருந்த இருதயம் கயிறறுத்த காளையைப் போல் ஓடும், வலி மிகும், மாரடைப்பே வந்துவிடலாம். அதை நிறுத்துவதாயின் டாக்டர் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்துவார். வெளியூர்க் கல்யாணம், கோயில் பயணம் என்று புறப்படுவோர் துணிமூட்டைக்கு முன்னே மாத்திரை அட்டையை எடுத்துவைக்க வேண்டும். விரதம் இருப்போர் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, ஒருவேளை உணவுக்கு ஏற்றபடி நேரத்தை அமைத்துக்கொள்ளலாம்.

ஒருவேளை மறந்துபோனால் என்ன செய்வது? நினைவு வந்தவுடன் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் விட்டதை விட்டுவிடுக. இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்து விழுங்குவது கூடவே கூடாது. அழுத்தம் அளவுக்கு மீறி விழுந்து மயக்கம் வரும். காலில் வீக்கம், தீராத வறட்டு இருமல், எழுந்து நிற்கும்போது கண் இருட்டுதல், மிகுந்த அசதி இவை தோன்றினால் மாத்திரையின் காரணமாக இருக்கக்கூடும். அட்டையோடு சென்று டாக்டரிடம் சொல்க. உதடோ நாக்கோ வீங்கி மூச்சுத் திணறினால் அது அவசரம்; அடுத்த மாத்திரையை விழுங்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். வாந்தி பேதி கண்ட நாளிலும், கடும் வெயிலில் வியர்த்து நீர் வற்றிய நிலையிலும் இம்மருந்துகளில் சில சிறுநீரகத்தை வருத்தும். அன்று உண்பதா நிறுத்துவதா என்று 104க்காவது டெலிபோன் செய்து கேட்பது நலம்.

பெட்டிக்கடை மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாற்று நட்டு இடுப்பு ஒடிந்தவர்களுக்கு வலி மாத்திரைமேல் உள்ள நம்பிக்கை பெரிது. பெயரற்ற மூன்று நான்கு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து ஒரு செட் என்று தருகிறார்கள். அவற்றில் அநேகமாக இருப்பது டைக்ளோபெனாக் அல்லது ஐபுப்ரோபென் போன்ற வலி மருந்து. சில வேளை ஸ்டீராய்டும் இருக்கும். இவை இரத்த அழுத்தத்தை ஏற்றும். கொதிப்பு மாத்திரையின் பலனைக் குறைக்கும். நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காலையில் ஆஸ்பத்திரி மாத்திரையால் இறக்கியதை மாலையில் கடை மாத்திரையால் ஏற்றிக்கொள்வது வீண். டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகள் எவை என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளிலேயே பட்டியல் உண்டு. அட்டையிலும் அந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. நாம் கேட்பதில்லை, கடைக்காரர் சொல்வதில்லை.

இனி மார்வலி. இதில் நாட்கணக்கு இல்லை, நிமிஷக் கணக்குத்தான்.

இருதயத்தின் தசைக்கும் இரத்தம் தேவை. அதற்குச் செல்லும் நாளம் உள்ளே கொழுப்புப் படிந்து குறுகினால், வரப்பில் ஏறும்போதும் மூட்டை தூக்கும்போதும் மார்பின் நடுவே ஒரு பாரம் தோன்றும், நின்றால் தணியும். நாளம் முழுதும் அடைபட்டால் வலி நில்லாது, அது மாரடைப்பு. வலி என்று நாம் சொன்னாலும், பலர் அதை வலி என்று சொல்வதில்லை. யாரோ மார்பின்மேல் ஏறி உட்கார்ந்தாற்போல், கயிறு போட்டு இறுக்கினாற்போல், எரிச்சல் போல் என்பர். இடக்கை, தோள், தாடை, முதுகு, மேல்வயிறு ஆகியவற்றுக்கும் பரவும். குளிர்ந்த வியர்வை, வாந்தி, மூச்சிறைப்பு உடன் வரும். பெண்களுக்கும், முதியோருக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் மார்பில் வலியே இன்றி, வெறும் மூச்சிறைப்பும் வியர்வையும் அசதியுமாகவே வந்து ஏமாற்றலாம். வாயு என்ற பெயரில் நம் ஊர்களில் புதைந்துபோன மாரடைப்பு எத்தனையோ!

முன்பே இருதய நோய் என்று அறியப்பட்டவர்களுக்கு டாக்டர் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைத் தந்திருப்பார். சார்பிட்ரேட் என்ற பெயரில் நம் மக்களுக்கு அது பழக்கம். இதற்கும் ஒரு கதை உண்டு. பாறைக் கிணறு வெட்டியவர்கள் ரசிப்பார்கள். 1847ஆம் ஆண்டில் இத்தாலியர் சொப்ரேரோ கண்ட நைட்ரோகிளிசரின்தான் பின்னர் நோபெல் செய்த டைனமைட்டின் உயிர். பாறையைப் பிளந்த அதே பொருளை, மிகமிகச் சிறிய அளவில் கொடுத்தால் மார்வலி தணிகிறது என்று 1879ஆம் ஆண்டில் லண்டன் டாக்டர் மர்ரெல் எழுதினார். நோபெலுக்கே கடைசிக் காலத்தில் இருதய நோய்க்கு டாக்டர்கள் அதைச் சிபாரிசு செய்தார்கள். சார்பிட்ரேட் அந்த இனத்தைச் சேர்ந்தது. வெடிக்காது, அஞ்ச வேண்டாம். இரத்த நாளங்களை விரித்து, இருதயத்தின் பாரத்தைக் குறைக்கிறது.

வைக்கும் முறை முக்கியம். வலி கண்டவுடன் இருந்த இடத்தில் வேலையை நிறுத்தி உட்கார வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் அழுத்தம் விழுந்து தலை சுற்றிக் கீழே விழ நேரும். வரப்பிலோ கிணற்று மேட்டிலோ விழுவது வேறு ஆபத்து. மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். தண்ணீர் விட்டு விழுங்கலாகாது. தலை விண்ணென்று வலிக்கலாம். அது மருந்தின் இயல்பு. 5 நிமிஷத்தில் வலி தணியாவிட்டால் மேற்கொண்டு யோசனைக்கு இடமில்லை: 108ஐ அழைக்க வேண்டியதுதான். வண்டி வரும்வரை இரண்டாவது மாத்திரை வைக்கலாமா, எத்தனை வைக்கலாம் என்பதை நலமாக இருக்கும் நாளிலேயே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்க. தினமும் விழுங்கவேண்டிய நீண்டநேர மாத்திரையும் இதே குடும்பத்தில் உண்டு. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மாற்றி உண்ணலாகாது.

முதன்முறையாக வலி வருபவரிடம் இந்த மாத்திரை இராது. அவர் மாத்திரையைத் தேடி ஓடுவதும் வேண்டாம். நல்லெண்ணத்தால் அண்டை வீட்டார் தம் சார்பிட்ரேட்டைக் கொண்டுவந்து வாயில் போடுவதும் வேண்டாம். அழுத்தம் ஏற்கெனவே விழுந்திருப்பவருக்கு அது கேட்டையே செய்யும். உடனே 108தான். இன்னொரு செய்தியையும் வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்மைக் குறைவுக்கென்று சிலர் யாரும் அறியாமல் வாங்கி உண்ணும் சில்டெனாபில், டடாலபில் என்ற மாத்திரைகளோடு சார்பிட்ரேட் சேர்ந்தால் இரத்த அழுத்தம் கிணற்றில் விழுந்த கல்லைப் போல் விழும், உயிர் போகும். முன்னதன் வேகம் ஒருநாளும், பின்னதன் வேகம் இரண்டு நாளுக்கு மேலும் உடம்பில் நிற்கக்கூடும். டாக்டர் கேட்டால் மறைக்காதீர்கள். மனைவி மக்களை வெளியே அனுப்பிவிட்டாவது சொல்லுங்கள்.

நோயாளியை மோட்டார் சைக்கிளில் நடுவே உட்காரவைத்து இரண்டு பேர் அணைத்துக்கொண்டு போவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. அன்பினால் செய்வதுதான்; ஆயினும் வழியில் மூச்சு நின்றால் அங்கே என்ன செய்வார்கள்? 2008ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 வண்டியில் பிராணவாயுவும் பயிற்சி பெற்றவரும் உண்டு. மாரடைப்பில் அடைப்பைக் கரைக்கும் மருந்தை எவ்வளவு முன்னதாக ஏற்றுகிறார்களோ, அவ்வளவு இருதயத் தசை பிழைக்கிறது. முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் பலன், ஒரு பொழுது கழிந்தபின் அரிது. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கு முதலில் தரவேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாடின் மாத்திரைகளை வைத்து, டாக்டரின் சொற்படி கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது. இவற்றுள் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் இரத்தக் கட்டியைத் தடுப்பவை. வயிற்றுப்புண்ணில் இரத்தம் கசிபவருக்கு ஆகாதவை. ஆகையால் அவற்றை வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு நாமே விநியோகம் செய்யும் எண்ணம் வேண்டாம்.

மருந்து வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் மருந்து என்று ஒரே சொல்லால் இரண்டைக் குறிக்கிறோம். பயிருக்கு அடிப்பதும் மருந்து. உடம்புக்கு உண்பதும் மருந்து. ஒரே மாடத்தில் இரண்டையும் வைத்திருக்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். விளக்கில்லாத இரவில் கண் மங்கிய பாட்டி கைநீட்டும் இடம் அது! பூச்சி மருந்து வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. மாத்திரையைச் சிறுவர் கைக்கு எட்டாத, வெயிலும் ஈரமும் படாத பெட்டியில் வைக்க வேண்டும். தகரக் கூரையின் அடியில் சொருகி வைத்தால் சூட்டில் கெடும். அட்டையைக் கத்தரித்துப் பாதி பெயரோடு வைக்க வேண்டாம்; பெயரும் காலாவதித் தேதியும் தெரிய வேண்டும். வேறு கம்பெனிச் சரக்கு வந்தால் மாத்திரையின் நிறமும் பருமனும் மாறும். அப்போது சிலர் இது புது மருந்து என்று எண்ணிப் பழையதையும் சேர்த்து உண்கின்றனர். சிலர் இது பழைய மருந்தன்று என்று ஒதுக்கி வைக்கின்றனர். நிறத்தைப் பார்க்காமல் பெயரைப் பார்க்க வேண்டும். எழுத்தறியாதவர்க்குப் பள்ளிக்குச் செல்லும் பேரனோ பேத்தியோ படித்துச் சொல்லட்டும். காலை மாத்திரைப் பெட்டியில் சூரியனையும் இரவுப் பெட்டியில் பிறையையும் அக்குழந்தையே வரைந்து கொடுக்கட்டும்.

உப்பைப் பற்றி நீளப் பேசினால் சாப்பாட்டு நேரத்தில் நம்மைச் சபிப்பீர்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் இவற்றில் உள்ளதும் அந்தக் கணக்கில் சேரும்.

இனி பஞ்சாயத்து செய்யத் தக்கது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின்படி, இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தர மகளிர் தன்னார்வலர்கள் அமர்த்தப்பட்டனர். தன்னார்வலர் வரும் நாளில் வயலுக்குப் போய்விடுவோர் பலர். எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை, எந்த வேளை என்று வார்டு உறுப்பினரும் தன்னார்வலரும் கலந்து தீர்மானித்து அறிவிக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. கூட்டம் தொடங்குமுன் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு வந்தவர்க்கெல்லாம் இரத்த அழுத்தம் பார்க்கலாம். ஆனால் இன்னாருக்கு இன்ன எண் என்று ஒலிபெருக்கியில் படிக்கவோ, பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்டவோ கூடாது. ஒருவருடைய நோய் அவருக்கும் டாக்டருக்கும் உரியது. பெண் பார்க்கும் வீடுகளில் அப்பட்டியல் செய்யும் தீமையை நீங்களே அறிவீர்கள்.

இரவில் 108 வண்டி ஊருக்குள் வந்து வழி தெரியாமல் நிற்பதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். தெருமுனையில் பெயர்ப் பலகையும், பிரியும் பாதையில் விளக்கும் வைப்பது பஞ்சாயத்தின் கடமை. டெலிபோனில் பேசுபவர் கோயில், பள்ளி, மேல்நிலைத் தொட்டி என்று அடையாளம் சொல்லி, ஒருவர் டார்ச் விளக்குடன் மெயின் ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும். களத்து மேட்டு வீடுகளுக்குச் செல்லும் வண்டிப் பாதையில் உரக் குவியலும் கல்லும் கிடக்குமாயின், அடுத்த வாரத்துக்குள் அகற்றச் செய்யுங்கள். செலவுக் கணக்கு எழுத இடமிருக்கிறதா என்று கேட்பீர்கள். பாதைப் பராமரிப்பில் எழுதலாம்.

நமக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. பக்கத்து அறையில் செவிலியர் கருவியுடன் காத்திருக்கிறார். தேநீர் அளந்த பிறகுதான் தரப்படும். வரிசையில் பஞ்சாயத்துத் தலைவர்கள் முதலில் நிற்கட்டும். மாத்திரை உண்பவர்கள் கடைசியாக எந்த நாளில் உண்டார்கள் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லட்டும்.